ஒரே வீட்டில் மூன்று பேருக்குக் கால் வலி: தண்ணீரா, தரையா, வம்சமா?

மாடக்குளம்வாசி:

வணக்கம் மக்களே. எங்கள் வீட்டில் இப்போது நேராக நடப்பது நாய் மட்டும்தான். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் கதை. வயது 44, எடை 86 கிலோ, ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்தே பார்க்கும் வேலை. மூன்று மாதமாக வலது குதிகாலில் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் ஆணியை மிதித்த மாதிரி சுரீரென்று ஏறும், சுவரைப் பிடித்தபடியே பாத்ரூம் வரை போவேன், பல் துலக்கி முடிப்பதற்குள் பாதி குறைந்துவிடும். சரி போய்விட்டது என்று நினைத்தால் ஆபீசில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்ததும் மறுபடி அதே கதை. எக்ஸ்ரே எடுத்ததில் குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கிறது என்று காட்டினார்கள். எனக்கே தெரிந்தது, சேவல் கால் முள் மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு. வெட்டி எடுக்க வேண்டுமா என்று கேட்டதற்கு "பார்க்கலாம்" என்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அம்மாவுக்கு 68. இரண்டு முட்டியிலும் உள்பக்கமாக வலி. ஏறுவதைவிடப் படி இறங்குவதுதான் பெரும்பாடு. கால் இரண்டும் வருஷத்துக்கு வருஷம் வில் மாதிரி வளைந்துகொண்டே வருகிறது. "சவ்வு தேய்ந்துவிட்டது" என்றார்கள். அன்றையிலிருந்து அம்மா நடப்பதையே நிறுத்திவிட்டார், மிச்சமிருப்பதும் தேய்ந்துவிடுமாம்.

மூன்றாவது, அக்கா மகன், 19 வயது, காலேஜில் கபடி டீம். இரண்டு வாரத்துக்கு முன் ரெய்டு போய்த் திரும்பும்போது, யாரும் தொடக்கூட இல்லை, காலை ஊன்றிச் சட்டென்று திரும்பியிருக்கிறான், முட்டிக்குள் "பட்" என்று சத்தம் அவனுக்கே கேட்டதாம். அன்று சாயங்காலமே முட்டி இளநீர்க்காய் மாதிரி ஊதிவிட்டது. பக்கத்து ஊரில் சுளுக்கு எடுப்பவரிடம் போய் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டு வந்தான். இப்போது வீக்கம் வற்றிவிட்டது, நன்றாக நடக்கிறான். அங்கேயும் "சவ்வு லேசாகப் பிசகியிருந்தது, சரி பண்ணியாச்சு" என்றாராம். அடுத்த மாதம் மேட்ச் இருக்கிறது, போயே தீருவேன் என்கிறான்.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பெரியப்பா போர் தண்ணீர்தான் காரணம் என்கிறார். சித்தி "நம்ம வம்சமே முட்டி வம்சம்" என்கிறார். இன்னொருவர், போன தை மாதம் புது வீட்டுக்கு வந்ததிலிருந்துதான் எல்லாம், வாசல்படியை மாற்றுங்கள் என்கிறார். உண்மையிலேயே ஒரே காரணமாக இருக்க வாய்ப்பு உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜவுளிக்கடை அக்கா:

தம்பி, உங்கள் குதிகால் கதையைப் படித்ததும் எனக்கு என் காலே ஞாபகம் வந்துவிட்டது. ஜவுளிக்கடையில் சேல்ஸில் 12 வருஷம். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் இறங்குவோம், தீபாவளி சீசனில் அதுவும் கிடையாது. பளபளவென்று கிரானைட் தரை, செருப்பைக் கீழே லாக்கரில் விட்டுவிட்டு வெறுங்காலில் நிற்க வேண்டும். மூன்றாவது வருஷம் இடது குதிகால், அடுத்த வருஷம் வலது. கூட நின்ற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இதே வலி, மீதிப் பேருக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நிற்கும்.

2021இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே, கடையில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று (கேரளாவில் 2018லேயே வந்துவிட்டது), அதற்கப்புறம் எங்கள் கடையிலும் ஸ்டூல் வந்தது. வந்தது உண்மைதான். அதில் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்கு நிற்பதே மேல். எனக்குக் கடைசியில் கை கொடுத்தது எம்.சி.ஆர் செருப்பு, வீட்டுக்குள்ளேயும் அதைத்தான் போடுகிறேன். வாசல்படியை இடிக்கிற காசில் பத்து ஜோடி வாங்கலாம்.

கோவை பிசியோ:

சார், மூன்றுக்கும் ஒரே காரணம் இல்லை. ஆனால் மூன்றிலும் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: வலி வருவதற்கு முன்னால் அந்தக் கால் பார்த்துவந்த வேலையில் என்ன மாறியது? காலுக்குப் பழக்கமான சுமை என்று ஒன்று உண்டு. அது மெல்ல ஏறினால் எலும்பும் நாரும் தசையும் கூடவே பலமாகிக்கொள்ளும். திடீரென்று ஏறினால் எது பலவீனமோ அது முதலில் குரல் கொடுக்கும்.

எலும்பு முள்ளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த எக்ஸ்ரேதான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. அதை மறந்துவிடுங்கள். வலியே இல்லாதவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்தாலும் நிறைய பேருக்கு அந்த முள் இருக்கும். இவ்வளவு பெரிய முள்ளோடு ஓடுகிறவரையும் பார்த்திருக்கிறேன், முள்ளே இல்லாமல் துடிப்பவரையும் பார்த்திருக்கிறேன். அநேகமாக வலி அங்கே இல்லை. குதிகால் எலும்பின் அடியிலிருந்து விரல்களின் அடிவரை, வில்லுக்கு நாண் கட்டிய மாதிரி தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது, பாதத்தின் வளைவை இழுத்துப் பிடிப்பது அதுதான். தூங்கும்போது பாதம் கீழ்நோக்கித் தொங்கும், அந்த நாரும் கெண்டைக்கால் சதையும் சுருங்கியபடியே ஆறேழு மணி நேரம் கிடக்கும். காலையில் இறங்கியதும் 86 கிலோவையும் வைத்து அதை ஒரே இழுப்பாக இழுக்கிறீர்கள். நாலு நிமிஷம் நடந்தால் இளகிவிடுகிறது. மருத்துவத்தில் அழற்சி என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் நாள்பட்ட வலியில் எடுத்துப் பார்த்தால் அழற்சியைவிட நார் நைந்துபோன அடையாளம்தான் அதிகம். மாத்திரை நின்றதும் வலி திரும்பி வருவது அதனால்தான்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். புது வீட்டில் என்ன தரை, வீட்டுக்குள் செருப்பு உண்டா? சமீபத்தில் நடைப்பயிற்சி மாதிரி ஏதாவது புதிதாகத் தொடங்கினீர்களா? குதிகால் தரையில் படும்படி குந்தி உட்கார முடிகிறதா, அல்லது குதிகால் தூக்கிக்கொள்கிறதா? சர்க்கரை உண்டா?

அக்கா சொன்ன எம்.சி.ஆர் செருப்புக்கு ஒரு கதை உண்டு. அது மைக்ரோசெல்லுலர் ரப்பர். வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவர் குழுவும் தொழுநோயால் உணர்ச்சி போன பாதங்களில் புண் வராமல் இருக்க இந்த ரப்பரில் செருப்பு செய்யச் சொல்லி வளர்த்தெடுத்த விஷயம். இன்று சர்க்கரைக்காரர்களும் குதிகால்காரர்களும் போட்டுக்கொண்டு திரிகிறோம்.

அம்மாவையும் பையனையும் பற்றித் தனியாக எழுதுகிறேன், ஒரு பேஷண்ட் வந்துவிட்டார். அதுவரை ஒன்று மட்டும்: பையனைத் தயவுசெய்து மேட்ச் ஆட விடாதீர்கள்.

மாடக்குளம்வாசி:

சார், நீங்கள் கேட்டதும்தான் எனக்கே உறைக்கிறது. பங்குனியில் ஆபீசில் ஒரு மெடிக்கல் கேம்ப், சர்க்கரை எல்லையில் நிற்கிறது, நடங்கள் என்றார்கள். அதுவரை பஸ் ஸ்டாப்புக்குக்கூட வண்டியில் போனவன், அடுத்த நாளே கண்மாய்க்கரையில் ஏழு கிலோமீட்டர், தினமும், ஞாயிறு உட்பட. சித்திரையில் வலி ஆரம்பித்தது. இதை ஏன் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை என்று தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

நடந்தது எந்தச் செருப்பில் என்று பார்த்தேன், சிரிக்காதீர்கள். நாலு வருஷத்து ஹவாய் செருப்பு. பின்பக்கம் அப்பளம் மாதிரி இருக்கிறது, வலது செருப்பில் குதிகால் இடத்தில் விரலால் அழுத்தினால் அந்தப் பக்கம் தெரியும்போல.

தரை டைல்ஸ். பழைய வீட்டில் சிவப்பு சிமெண்ட் தரை. இரண்டிலும் வெறுங்கால்தான். குந்தி உட்கார்ந்தால் குதிகால் தூக்கிக்கொண்டு பின்னால் சாய்கிறேன்.

கோவை பிசியோ:

பார்த்தீர்களா, புது வீட்டைக் குற்றம் சொல்ல வழியில்லை. சிவப்பு சிமெண்டும் கல் மாதிரிதான், அதில் இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே. கெண்டைக்கால் சதை இறுகிப்போனதால் கணுக்கால் சரியாக மடங்கவில்லை, அந்தக் குறையைப் பாதம் ஒவ்வொரு அடியிலும் ஈடுகட்டுகிறது, அதற்கு மேல் எடை, அதற்கும் மேல் பூஜ்யத்திலிருந்து ஏழு கிலோமீட்டர், அப்பளச் செருப்பில். நார் என்ன செய்யும் பாவம்.

நடையை விடாதீர்கள், இரண்டு கிலோமீட்டருக்கு இறக்கி, வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றுங்கள். கட்டிலை விட்டு இறங்கும் முன்னால் வலது காலை இடது முழங்கால் மேல் போட்டு, விரல்களைக் கையால் முகத்தை நோக்கி இழுத்துப் பிடியுங்கள், பத்து எண்ணும் வரை, பத்துத் தடவை. உள்ளங்காலில் நாண் மாதிரி விறைத்து நிற்கும், கட்டைவிரலால் தடவினால் தெரியும். அதுதான் நாம் பேசுகிற ஆள். சாயங்காலம் சுவரில் கை வைத்துக் கெண்டைக்காலை நீட்டுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் அடங்கிவிடும், கத்தி தேவைப்படுவது அபூர்வம். சர்க்கரை எல்லையில் நிற்பதால் பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று டாக்டரிடம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். வெந்நீர் வாளியில் காலை விடும் வைத்தியம் வேண்டாம். சூடு தெரியாமல் வெந்துபோன பாதங்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது "சவ்வு". நம் ஊரில் இந்த ஒரு சொல் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமில்லை. முட்டிக்குள் எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பும் சவ்வு, இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறை வடிவத்தில் இருக்கும் மெத்தையும் சவ்வு, எலும்பையும் எலும்பையும் கட்டிப் பிடிக்கும் தசைநாரும் சவ்வு. அம்மாவுக்குத் தேய்ந்ததாகச் சொன்ன சவ்வு முதலாவது. உங்கள் அக்கா மகனுக்கு நான் சந்தேகப்படுவது மூன்றாவது. ஒரே பெயர் என்பதால் இரண்டும் ஒரே வியாதி என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அம்மாவுக்கு வயது ஒரு காரணம், பெண் என்பது ஒரு காரணம், குடும்பவாகும் கொஞ்சம் உண்டு, சித்தி சொன்னதில் முழுப் பொய் இல்லை. ஆனால் உள்பக்க வலி, வளையும் கால் என்று நீங்கள் சொன்னது முக்கியம். கால் வெளியே வளையும்போது எடை முட்டியின் உள்பாதியில் விழுகிறது, உள்பாதி தேய்ந்தால் கால் இன்னும் வளைகிறது, இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போகும். உடம்பு எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு ஏறக்குறைய நாலு கிலோ குறையும் என்று 2005இல் வந்த ஆய்வு ஒன்றில் அளந்திருக்கிறார்கள். படி இறங்குவது ஏன் கஷ்டம் என்றால் தொடையின் முன்சதைதான் பிரேக், அந்தச் சதை மெலிந்துவிட்டால் பிரேக் இல்லாத வண்டி. அம்மா நடப்பதை நிறுத்தியதால் குருத்தெலும்பு மிச்சமாகவில்லை, பிரேக்தான் போய்க்கொண்டிருக்கிறது. தேய்மானம் என்கிற சொல்லே எனக்குப் பிடிக்காது, செருப்பு மாதிரி பத்திரப்படுத்தி வைத்தால் தேயாது என்று நினைக்க வைத்துவிடுகிறது. எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரிகிற முட்டியோடு மார்க்கெட் போய் வருகிற பாட்டிகளும் இருக்கிறார்கள்.

பையன். யாரும் தொடாமல், ஊன்றிய காலில் திரும்பும்போது, பட்டென்று சத்தம், சில மணி நேரத்துக்குள் பெரிய வீக்கம். இந்த நாலும் சேர்ந்தால் முட்டிக்குள் குறுக்கே ஓடும் ஏ.சி.எல் தசைநார் அறுந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். அவ்வளவு சீக்கிரம் வீங்கினால் உள்ளே இரத்தம் கோர்த்திருக்கிறது என்று அர்த்தம். பிறைச்சவ்வு மட்டும் கிழிந்திருந்தால் வீக்கம் பெரும்பாலும் மறுநாள்தான் வரும். வீக்கம் வற்றியதை உருவியவர் சரி செய்ததாக நினைக்காதீர்கள், உடம்பு அந்த இரத்தத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். நேர்க்கோட்டில் நடக்க ஏ.சி.எல் அவ்வளவு தேவையில்லை, அதனால்தான் நன்றாக நடக்கிறான். திரும்பும்போதுதான் அது வேண்டும், கபடியில் திரும்பாமல் என்ன இருக்கிறது? எலும்பு டாக்டரிடம் காட்டி எம்.ஆர்.ஐ எடுங்கள்.

பழைய ரெய்டர்:

பிசியோ சார் சொன்னதற்குச் சாட்சி நான். மாவட்ட அளவில் ஆடிக்கொண்டிருந்தேன், 21 வயது, இதே மாதிரிதான், தொடக்கூட இல்லை. முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது, உடம்பு மட்டும் திரும்பியது, கால் தரையிலேயே நின்றுவிட்டது. மூன்று வாரத்தில் வீக்கம் வற்றியதும் போய் ஆடினேன். முதல் மேட்ச் ஒன்றும் ஆகவில்லை, இரண்டாவதில் கார்னர்காரன் கணுக்காலைப் பிடித்தான், முட்டி கழன்று உள்ளே வந்த மாதிரி ஒரு உணர்வு, அதற்கப்புறம் முட்டி பாதி மடங்கியபடி பூட்டிக்கொண்டது, நீட்டவே முடியவில்லை. தசைநாரோடு பிறைச்சவ்வும் கிழிந்து நடுவில் மாட்டிக்கொண்டதாம். முதலிலேயே பார்த்திருந்தால் ஒரு வேலையோடு போயிருக்கும்.

தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநாண் எடுத்து உள்ளே புதிதாகக் கட்டினார்கள். ஒன்பது மாதம். அதில் முதல் ஆறு வாரம் தொடைச்சதை கண்ணெதிரே கரைந்து போனதுதான் வலியைவிடக் கொடுமை, ஜீன்ஸ் ஒரு பக்கம் தொளதொளவென்று தொங்கும்.

இன்னொன்று, நாங்கள் மண்ணில் ஆடி வளர்ந்தவர்கள், மண் கொஞ்சம் சறுக்கிக் கொடுக்கும். 2014இல் ப்ரோ கபடி வந்த பிறகு ஊரில் எல்லோருக்கும் மேட் ஆசை, மேட்டில் ஷூ நன்றாகப் பிடிக்கிறது, திரும்பும்போது தரை விடாது, முட்டிதான் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. மேட்டில் ஆடுவது தப்பில்லை, குதித்து இறங்கவும் முட்டி உள்ளே சாயாமல் திரும்பவும் முதலில் பழக வேண்டும். எங்கள் கோச் தொடை தட்டத்தான் சொல்லிக் கொடுத்தார், இறங்கச் சொல்லிக் கொடுக்கவில்லை.

தம்பியிடம் சொல்லுங்கள், ஒரு வருஷம் போனால் போகட்டும்.

காக்கிக்கனவு:

நானும் இங்கே சேர்ந்துகொள்ளலாமா? போலீஸ் செலக்‌ஷனுக்கு 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓட வேண்டும். எழுத்துத் தேர்வு ரிசல்ட் வந்த பிறகுதான் ஓடவே ஆரம்பித்தோம், இருந்தது ஆறு வாரம். தார் ரோட்டில் காலை, மாலை இரண்டு வேளை. மூன்றாவது வாரம் இரண்டு காலிலும் முன் எலும்பு ஓரமாக எரிச்சல், ஓடி முடித்தால் போய்விடும். கூட ஓடியவன் "எல்லோருக்கும் வரும், ஓடினால் செட் ஆகிவிடும்" என்றான். அஞ்சாவது வாரம் இடது காலில் மட்டும் ஒரே இடத்தில், ஒரு ரூபாய் காசு அளவு, தொட்டால் உயிர் போகிறது, படுத்தாலும் வலிக்கிறது. எக்ஸ்ரே நார்மல் என்றார்கள். வலி மாத்திரை போட்டு ஓடினேன். கடைசியில் எம்.ஆர்.ஐயில் எலும்பில் கீறல். செலக்‌ஷன் அன்று ஸ்டேடியத்துக்கு வெளியே ஊன்றுகோலோடு நின்றேன். இது எதனால், கால்சியம் குறைவா?

கோவை பிசியோ:

வருத்தமாக இருக்கிறது தம்பி. கால்சியத்தைவிட அந்த மூன்றாவது வாரத்தையும் அஞ்சாவது வாரத்தையும் பாருங்கள். எலும்பு புதிய சுமைக்கு ஏற்பப் பழைய இடத்தை அரித்துவிட்டுத்தான் புதிதாகக் கட்டும், அரிப்பது வேகம், கட்டுவது மெதுவாக. அந்த இடைவெளியில் ஓட்டத்தை ஏற்றிக்கொண்டே போனால் கீறல் விடும். 1855இல் பிரஷ்ய ராணுவ டாக்டர் பிரைட்ஹாப்ட், நீண்ட அணிவகுப்புக்குப் பிறகு பாதம் வீங்கி வந்த சிப்பாய்களைப் பற்றி எழுதினார், எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் நாற்பது வருஷம் இருந்த காலம். புது ஆள், திடீர் சுமை, அதே கதை.

எல்லோரும் கவனிக்க வேண்டியது: எலும்பு ஓரமாக நீளத்துக்கும் பரவிய வலி என்றால் குறைத்துக்கொண்டு பார்க்கலாம். ஒற்றை விரலால் காட்டக்கூடிய ஒரே இடம், ஓய்விலும் வலி என்றால் ஓட்டத்தை அன்றே நிறுத்த வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். விட்டமின் டி பார்த்துக்கொள்ளுங்கள், அடுத்த செலக்‌ஷனுக்கு இப்போதே மெதுவாகத் தொடங்குங்கள்.

ஓய்வு வாத்தியார்:

எல்லாரும் இவ்வளவு எழுதுகிறீர்கள். எங்கள் பாட்டி 80 வயதில் குந்தியபடி களை எடுத்தார், இட்லிக்கு ஆட்டுக்கல்லில் மாவாட்டினார், முட்டி வலி என்று ஒரு நாள் சொன்னதில்லை. பிரண்டைத் துவையல், முடக்கத்தான் தோசை, கேழ்வரகுக் கூழ். இன்று எல்லாமே கால்சியம் இல்லாத சாப்பாடு, வெஸ்டர்ன் டாய்லெட். காரணம் அவ்வளவுதான்.

கோவை பிசியோ:

ஐயா, முடக்கத்தான் தோசை எனக்கும் பிடிக்கும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பதும் உண்மை. ஆனால் கால்சியம் எலும்புக்குள் போகிற சரக்கு, குருத்தெலும்பையோ குதிகால் நாரையோ அது ஒட்டிக் கொடுக்காது. எங்கே உதவும் என்றால், பாட்டிகள் பாத்ரூமில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வதைத் தடுப்பதில் அதற்கும் விட்டமின் டிக்கும் பங்கு உண்டு. அது வேறு கதை.

உங்கள் பாட்டிக்கு வலியே இல்லை என்பதில் எனக்குச் சின்னச் சந்தேகம். என் பாட்டியும் சொன்னதில்லை, ஆனால் எழுந்திருக்கும்போது ஒவ்வொரு தடவையும் "முருகா" என்பார். சின்ன வயதிலிருந்து குந்திப் பழகியவருக்குத் தொடையும் கெண்டைக்காலும் அதற்கேற்பப் பலமாக இருந்தது நிஜம், உடம்பில் எடையும் இல்லை. அதே சமயம் வருஷக்கணக்காகக் குந்தியும் மண்டியிட்டும் பாரம் தூக்கியும் வேலை செய்பவர்களுக்கு முட்டித் தேய்மானம் அதிகம் என்பதும் தெரிந்த விஷயம்.

திருச்சிக்காரி:

ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். என் கணவருக்கு ஆறு மாதம் முட்டி வலி என்று முட்டிக்கே மருந்து, முட்டிக்கே எக்ஸ்ரே, முட்டிக்கே ஊசி. கடைசியில் ஒரு டாக்டர்தான் "சப்பணம் போட்டு உட்காருங்கள்" என்றார், இவரால் தொடையைத் திருப்பவே முடியவில்லை, தொடை இடுக்கில் வலி. பார்த்தால் இடுப்பு மூட்டில் பந்து எலும்புக்கு இரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துக்கொண்டிருக்கிறது. இடுப்புக்குப் போகிற நரம்பிலிருந்தே முட்டிக்கும் கிளை போவதால் முட்டி வலிக்கிற மாதிரி இருக்குமாம். காரணம் என்ன தெரியுமா? தோல் அரிப்புக்கு மெடிக்கல் கடையில் பழைய சீட்டைக் காட்டிக் காட்டி இரண்டு வருஷம் வாங்கித் தின்ற ஸ்டீராய்டு மாத்திரை. குடியாலும் வருமாம், இவருக்கு அது இல்லை. மாத்திரையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள் மக்களே.

தர்மபுரித் தம்பி:

தண்ணீர் என்று சொன்ன பெரியப்பாவை யாரும் கண்டுகொள்ளவில்லையே என்று எழுதுகிறேன். எங்கள் பக்கம் அவர் சொன்னது சரியாக இருந்திருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, எங்கள் ஊர்க் கிணறுகள் பல அதைத் தாண்டியவை. சின்னப் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை, வருஷக்கணக்கில் குடித்த பெரியவர்களுக்கு முதுகும் முட்டியும் இறுகிப் போகும். என் தாத்தா கழுத்தைத் திருப்ப மாட்டார், கூப்பிட்டால் உடம்போடு திரும்புவார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்த பிறகுதான் ஆற்றுத் தண்ணீர் குடிக்கிறோம்.

ஆனால் அது ஒரு தெருவுக்கே வரும் அண்ணா, பல்லிலும் தெரியும், பல வருஷம் பிடிக்கும். ஆறு மாதம் குடித்த தண்ணீர் உங்கள் ஒரு குதிகாலை மட்டும் தேடிப் பிடிக்காது. பெரியப்பா மனசு ஆற வேண்டுமென்றால் குடிநீர் வாரியப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள்.

கொலுசு:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும் அண்ணா, எனக்கு இடது கணுக்கால் வருஷத்துக்கு நாலு தடவை பிசகுகிறது. சமதரையிலேயே மடங்கும். ஏன் அதே கால்?

கோவை பிசியோ:

முதல் தடவை பிசகியபோது இரண்டு நாள் கட்டுப் போட்டுவிட்டு விட்டிருப்பீர்கள். பாதம் உள்பக்கம் மடங்கும்போது வெளிப்பக்க நார்தான் கிழியும், அது ஆறிவிடும். ஆனால் கணுக்கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிற உணர்வு தானாகத் திரும்பாது, மடங்கத் தொடங்கியதே உங்களுக்குத் தாமதமாகத் தெரிகிறது. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், முதலில் கண்ணைத் திறந்து, பழகியதும் மூடி. அடுத்த தடவை மடங்கினால் நாலடி நடக்க முடியவில்லை அல்லது கணுக்கால் முண்டின் பின் விளிம்பில் அழுத்தினால் எலும்பே வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

மாடக்குளம்வாசி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

பையனுக்கு எம்.ஆர்.ஐ எடுத்தோம். ஏ.சி.எல் முழுக்க அறுந்திருக்கிறது, பிறைச்சவ்வு நல்லவேளையாகத் தப்பியது. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை, அப்புறம் பழைய ரெய்டர் எழுதியதைக் காட்டினேன், "ஒன்பது மாதமா?" என்று மட்டும் கேட்டான். ஆபரேஷன் எப்போது என்று அடுத்த வாரம் முடிவாகும், இப்போதே தொடைக்குப் பயிற்சி ஆரம்பித்துவிட்டார்கள்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியை டிவி சீரியல் விளம்பர இடைவேளையில் செய்கிறார், விளம்பரம் முடிந்தால் பயிற்சியும் முடிந்தது. தெருமுனைப் பிள்ளையார் வரை நடக்கிறார். கால் வளைவு அப்படியேதான் இருக்கிறது, படி இறங்குவது கொஞ்சம் பரவாயில்லை என்கிறார்.

எனக்கு காலை வலி பத்தில் ஆறாக இருக்கிறது. ஹவாய் செருப்பை நாய் எடுத்துக்கொண்டுவிட்டது. பெரியப்பா போர் தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிடித்து, ஒன்றில் எங்கள் வீடு, ஒன்றில் அவர் வீடு என்று எழுதி ஒட்டிக்கொண்டு பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ரிசல்ட் வந்ததும் போடுகிறேன்.